புல் வேர் பிடிக்கிற வரைக்கும்

புல் வளர்ப்பது அப்படி ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. அது வேர் பிடிக்கிற வரைக்கும் ஊர் ஜனத்தை அதன்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பொதுமக்களிடம் "இல்லை", "இப்போது முடியாது", "அடுத்த மாதம் வாங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர், கேஸ் புக்கிங் எடுக்கிற பெண், நீங்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். நான் வேலை பார்ப்பது பொதுப் பூங்காக்களில் இருக்கிற விளையாட்டு மைதானங்களைப் புல் போட்டுப் பராமரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில். திருப்பதியில் ஒரு மைதானம், சித்தூரில் ஒன்று என் பொறுப்பு. அதில் திருப்பதி மைதானத்தை மூடிப் புதிதாகப் புல் போட்ட வருஷம் நடந்தவற்றில் சிலதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வரைபடத்தில் இல்லாதவர்கள்

வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் வெயில் காலத்தில் சில நாள் நான் மைதானத்து மூலையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னை யாரோ வரன் பார்க்க வந்தவள் என்று நினைத்திருக்கிறார். எந்த வழியாக ஜனம் உள்ளே வருகிறது, எங்கே குறுக்கே நடக்கிறது, எந்த இடத்தில் கிரிக்கெட்காரர்கள் ஸ்டம்ப் அடிக்கிறார்கள், எங்கே மண் கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கிழக்கு கேட்டிலிருந்து டீக்கடைப் பக்கம் கேட்டுக்கு மைதானத்தின் நடுவிலேயே ஒரு ஒற்றையடிப் பாதை போயிருந்தது. காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகிறவர் முதல் சாயந்திரம் டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள் வரை அதில்தான் போனார்கள்.

எங்கள் கம்பெனி இன்ஜினியர் கிரண் தெலுங்குப் பையன், கெட்டிக்காரன், கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு வந்த வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரே பச்சை. தண்ணீர்க் குழாய் நீலக் கோட்டில், வடிகால் சிவப்புக் கோட்டில், எங்கும் ஒரு பிசிறு இல்லை. இந்தக் குறுக்குப் பாதையில் போகிறவர்கள் இனிமேல் எந்த வழியாகப் போவார்கள் என்று கேட்டேன். அவன் திரையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். குழாய், விளக்கு, வேலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னான்: "மேடம், இதுல மனுஷங்களுக்கு லேயரே கிடையாது."

ஓய்வு

பாதையை ஓரமாகத் திருப்பிவிட்டு, மைதானத்தை மூடி, கேட்டில் தெலுங்கிலும் தமிழிலும் போர்டு வைத்தோம். "புல் வேர் பிடிக்க ஓய்வு தேவை. தயவுசெய்து உள்ளே வராதீர்கள்." தயவுசெய்து என்று போட்டது என் தப்பு. தயவு என்று பார்த்ததும் எல்லோருக்கும் பேசலாம் என்று தைரியம் வந்துவிட்டது.

யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் கஷ்டம். ஒவ்வொருவரும் மற்றவர்களை விடக்கூடாது என்பதில் என்னோடு ஒத்துப்போனார்கள். ஒருவர் தான் செருப்பில்லாமல் நடப்பவர் என்றார். யோகா செய்கிற அம்மாக்கள், தாங்கள் நடக்கவே போவதில்லை, படுக்கத்தான் போகிறோம் என்றார்கள். உடம்பு பெருத்த ஒரு வக்கீல், தன் எடை பார்க்கத்தான் அதிகம், காலை மட்டும் பூ மாதிரி வைப்பார் என்று தன் மனைவியையே சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் நின்றபோது, ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போர்டை இரண்டு மொழியிலும் படித்தார். பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு, காய் வாங்கிக்கொண்டு, மருமகளின் ஸ்கூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார்: "ரிட்டயர் ஆன எனக்கே ரெஸ்ட் கிடைக்கல, புல்லு குடுத்துவச்சது."

எங்க நைனா வந்த நாள்

எங்களுக்குச் சொந்த ஊர் விஜயபுரம் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும்தான். எங்க நைனாவுக்கு, அப்பாவைத்தான் சொல்கிறேன், நான் திருப்பதியில் "கிரவுண்டு வேலை" பார்க்கிறேன் என்று தெரியும். அது என்ன வேலை என்று அவர் கேட்டதும் இல்லை, நான் விளக்கியதும் இல்லை. புல் நடவு ஆரம்பித்த அன்று, பக்கத்தில் யார் கல்யாணத்துக்கோ வந்தவர், பச்சை வேர்க்கடலை ஒரு பை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்கே வந்துவிட்டார்.

அப்போது புத்தலப்பட்டிலிருந்து வந்த பெண்கள் வரிசையாகக் குனிந்து புல் துண்டுகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மா என்பவர்தான் அவர்களுக்கு மேஸ்திரி. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார், நட்டுக்கொண்டே போனால் பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். நைனா வரப்பில் நிற்கிறவர் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். பிறகு சாக்கில் கைவிட்டு ஒரு கொத்தை எடுத்து, கணுவைக் கிள்ளிப் பார்த்து, முகர்ந்தார். கம்பெனியில் நாங்கள் அதற்கு ஸ்டைலாக பெர்முடா என்று பெயர் சொல்வோம். அவருக்கு அது அருகம்புல். கடலைக் கொல்லையில் அருகு ஏறினால் என்ன ஆகும் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அவரும் அம்மாவும் முதுகு ஒடிய அதைத் தோண்டி எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொளுத்தி, அடுத்த மழைக்கு அது மறுபடி முளைத்து நின்றதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

இதை நடுவதற்கா படித்தாய் என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. பெண்கள் சாப்பிட உட்கார்ந்ததும் அவர்களுக்குக் கடலையைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஓரத்தில் சரியாக ஊன்றாமல் சாய்ந்திருந்த ஒரு துண்டைக் கட்டை விரலால் அழுத்தி மண்ணை அணைத்தார். அதைச் செய்துவிட்டு அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கையைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட் பக்கம் நின்று சொன்னார்: "ஆயுசு பூரா நான் சாவடிச்சுக்கினு வந்தத நீ உசுரு குடுத்து எழுப்பிக்கினு கீற. நடத்தும்மா, அதுவும் பொழைக்கட்டும்."

ஜூஸ்

விநாயக சவிதிக்குப் பிள்ளையாருக்கு வைக்க அருகம்புல் கேட்டு வருகிறவர்களை நாங்கள் தடுப்பதில்லை. ஓரத்தில் கிள்ளிக்கொண்டு போகட்டும் என்று ஒரு கீற்று விட்டிருந்தோம். பண்டிகை முடிந்தும் ஒருவர் மட்டும் தினம் காலையில் ஒரு கேரி பேக்கோடு வந்துகொண்டிருந்தார். பக்தி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டால், சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ போனில் வீடியோ அனுப்பினார்களாம், மிக்சியில் அடித்து வெறும் வயிற்றில் குடிக்கிறாராம்.

புல்லுக்கு யூரியா போட்டிருக்கிறோம், களைக்கு மருந்து அடிக்கப் போகிறோம், தயவுசெய்து குடிக்காதீர்கள், இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று பதறிப்போய்ச் சொன்னேன். டாக்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அடுத்த நாள் வந்து சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அவருக்காக எதுவும் போடாத ஒரு தொட்டியில் கொஞ்சம் நட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அந்த மனுஷன் நான் பதறியபோது மட்டும் கொஞ்சமும் பதறவில்லை. கேரி பேக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு யோசனையாகச் சொன்னார்: "அதான் மேடம், ஒரு வாரமா ருசி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."

பாகாலாவிலிருந்து வருகிற பெண்

மைதானத்தை மூடியபோது எல்லோரும் என்னிடம் வந்து பேசினார்கள் என்று சொன்னேனே, ஒருத்தி மட்டும் பேசவில்லை. காலையில் கேட்டுக்கு வெளியே, கையில் ஷூவோடு நிற்பாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பெயர் ரேவதி. பாகாலாவிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்து, ஓடிவிட்டு, பூங்கா பாத்ரூமில் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு, ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறவள். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் முதல் கட்டம் தாண்டிவிட்டாள். அடுத்தது ஓட்டம். ஒரு நாள் முழங்காலில் கட்டோடு வந்தாள். ரோட்டில் ஓடியபோது நாய் துரத்தி விழுந்திருக்கிறாள். அப்போதும் உள்ளே விடச் சொல்லி அவள் கேட்கவில்லை. புல் வளர எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னாலேயே ஓட்டம் வந்துவிடும் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அன்று கிரணிடம் வேலியோரமாகச் சுற்றிலும் ஒரு ஆள் ஓடுகிற அகலத்துக்குப் புல் போடாமல் செம்மண்ணை விட்டுவிடலாம் என்றேன். வரைபடம் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது என்று முதலில் முறுக்கிக்கொண்டான். நான் அவனை மறுநாள் காலை சீக்கிரம் வரச்சொல்லி, கேட்டுக்கு வெளியே ஷூவோடு நிற்கிறவளைக் காட்டினேன். அவன் அந்த வாரமே வரைபடத்தை மாற்றி மறுபடி ஒப்புதல் வாங்கினான். கயிறு கட்டி, மண்ணைச் சலித்துப் போட்டு, ரோலர் விட்டோம். ரேவதி ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் ஓட வந்தார்கள். கோவிந்தம்மாவின் ஆட்கள் களை எடுத்துக்கொண்டே, அவள் ஒவ்வொரு சுற்று வரும்போதும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஓட்டத்தில் அவள் நன்றாகவே தாண்டிவிட்டாள் என்று போன் வந்தது, மறுநாள் எங்கள் எல்லோருக்கும் அவளே இனிப்பு வாங்கி வந்தாள். கடைசி எழுத்துத் தேர்வின் முடிவு வந்த அன்று போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை, பண்ணி என்ன சொல்வது. மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், அவள் வழக்கம்போல செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தாள். கிட்டே வந்ததும் நின்று, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னாள்: "காலு பாஸ் மேடம், தலதான் பெயில். இனிமே ராத்திரியில படிக்கிறேன், காலைல இங்கதான் வருவேன்."

தண்ணி

வடக்கு மூலையில் நாங்கள் முதலில் நட்டதால் அங்கே புல் முதலில் மூடிக்கொண்டது. அதில் நடக்க ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தேன். சரோஜா அக்காவுக்குப் புத்தூர் பக்கம். அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. மெத்தென்ற தரையில் வெறுங்காலோடு நடக்கப் பழக்குங்கள், விழுந்தாலும் அடிபடாது என்று பிசியோதெரபி பிள்ளை சொன்னதாம். அக்கா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு தினம் வருவார். அவர் நடப்பார், அக்கா பேசுவார். கேஸ் சிலிண்டர் வந்தது, மகள் போன் செய்தது, பக்கத்து வீட்டில் கிணறு தோண்டியது எல்லாவற்றையும் பதிலே வராத ஒருவரிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் முகம் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் எங்கள் பம்ப் ஆபரேட்டர் சேகர், அவர்கள் அங்கே நடப்பதைக் கவனிக்காமல் வடக்கு மூலை வால்வைத் திறந்துவிட்டான். தண்ணீர் தெளிப்பான் சுற்றி வந்து அக்கா வீட்டுக்காரர் முகத்திலேயே அடித்தது. நானும் சேகரும் அலறிக்கொண்டு ஓடினோம். அவர் அசையாமல் நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நல்ல கையைத் தூக்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிற மாதிரி கழுத்தை நீட்டி, குழறலாக, ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சேகரைப் பார்த்துச் சொன்னார், டேய் கண்ணு தெரியல உனக்கு என்று.

சேகர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். சரோஜா அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அழுகிறாரா, முகத்தில் இருப்பது தெளிப்பான் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் முதலில் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துவிட்டு, பிறகு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேகரிடம் சொன்னார்: "இன்னொரு வாட்டி தொறப்பா, இன்னும் ரெண்டு வார்த்த திட்டட்டும்."

எழுப்பாதவள்

திருப்பதியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சொல்லவே வேண்டாம். சாமி பார்த்துவிட்டு இறங்குகிற ஜனம் ரயிலுக்கு நேரம் இருந்தால் நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே சாய்ந்துவிடும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பத்து நாளைக்கு முன்னால் நட்ட பாத்தியின் மேல் போர்வையை விரித்து ஒரு குடும்பமே தூங்கிக்கொண்டிருக்கிறது. அப்பா, அம்மா, ஒரு பாட்டையா, இரண்டு பிள்ளைகள். ஐந்து பேருக்கும் மொட்டைத் தலை, சந்தனம். பாத்தியோரம் நட்டிருந்த இன்னொரு போர்டு அவர்கள் தலைமாட்டில்தான் இருந்தது. அதன் நிழலில்தான் சின்னப் பிள்ளை படுத்திருந்தது.

கோபமாகத்தான் போனேன். கிட்டே போனதும் சின்னது கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. ஒரு கையால் புல்லை இறுக்கிப் பிடித்திருந்தது, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற மாதிரி. நடை நடையாய் நடந்து, வரிசையில் நின்று, பாதமெல்லாம் வீங்கிக் கிடந்தார்கள். பாத்தி எப்படியும் நசுங்கியாகிவிட்டது, இனி எழுப்பி என்ன ஆகப்போகிறது என்று சேகரிடம் அந்தப் பக்கத்து வால்வைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

அவர்கள் எழுந்து போர்வையை மடிக்கும்போதுதான் போர்டைப் பார்த்தார்கள் போல. அந்த அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்து, விழுப்புரத்துப் பக்கம் என்று ஊரைச் சொல்லி, தெரியாமல் படுத்துவிட்டோம் என்று கைகூப்பினார். நசுங்கிய இடத்தை மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்றேன். ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்து மூடினார். "ரெண்டு நாளா எல்லாரும் ஜருகண்டி ஜருகண்டின்னே தள்ளுனாங்கம்மா. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு விட்டது நீ ஒருத்திதான்."

மழை

சித்தூரில் இன்னொரு மைதானத்து வேலையாகப் போயிருந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றால் எங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று தெரியும் அல்லவா. ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. சேகர் போன் செய்து, தெற்குப் பக்கம் இலையெல்லாம் சேர்ந்து வடிகால் அடைத்துக்கொண்டுவிட்டது, தண்ணீர் நிற்கிறது, தான் ஒருவனாக முடியாது என்றான். அதற்குப் பிறகு அவன் போனும் போகவில்லை. தெற்குப் பக்கம்தான் கடைசியாக நட்டது. வேர் மண்ணைப் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது. தண்ணீர் வடியாமல் நின்றால் அழுகும், வேகமாக ஓடினால் மேல்மண்ணோடு போகும். இரண்டில் எது நடந்தாலும் சங்கராந்திக்குத் திறப்பதாகச் சொன்ன மைதானம் திறக்காது, எங்களுக்கும் அடுத்த வருஷம் அந்த வேலை இருக்காது. கோவிந்தம்மா குனிந்து நட்ட வரிசைகள்தான் இரவெல்லாம் கண்ணுக்குள் நின்றன.

மறுநாள் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் வடிந்திருந்தது. தெற்கு வேலியோரமாக ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைச் சாக்கில் கட்டி, பாத்தியைச் சுற்றி அணை போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேற்றில் ஊறிப்போய் கேலரிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாஷா. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், கிரிக்கெட் டீம் கேப்டன். மைதானம் மூடின நாளிலிருந்து சுவரேறிக் குதித்ததற்காக என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் அவன்தான். சேகர் ஓடிப்போய்க் கூப்பிட்டதும் கடையைச் சாத்திவிட்டு டீமையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஓரத்தில் கொஞ்சம் போய்விட்டது, மற்றபடி பாத்தி தப்பித்திருந்தது.

சுவரேறிக் குதித்தவன் மேல் போட்ட கத்தலெல்லாம் ஞாபகம் வந்து, டீக்குச் சொல்லட்டுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன், அவர்கள் கையில் டீ இருக்கும்போதே. பாஷா சிரித்தான். பிறகு தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னான்: "ஆடறதுக்காக வரல மேடம். தினம் சுவத்துக்கு வெளிய நின்னு பாத்துப் பாத்து, இது எங்க புல்லுன்னு ஆயிப்போச்சு."

திறப்பு

சங்கராந்தி முடிந்து மைதானம் திறந்தோம். பந்தல்காரர் மேடைக்கு இரும்புக் கால்களைப் புல்லில் இறக்க வந்தபோது நான் குறுக்கே நின்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார், பிறகு கிரணைப் பார்த்தார். வரைபடத்தை எடுத்து நீட்டுவான் என்று நினைத்த கிரண், வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். மேடை கேலரிப் படிக்குப் போனது. பேசினவர்கள் சுருக்கமாகப் பேசியது எங்கள் அதிர்ஷ்டம். பிறகு இரண்டு பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஃபுட்பால் ஆட இறங்கினார்கள். விசில் ஊதியதும் அத்தனை காலும் ஒரே சமயத்தில் என் புல்மேல் ஓடியபோது ஏறாதீங்க என்று கத்த வாயெடுத்துவிட்டேன். இவ்வளவு மாதம் யாரையும் கால் வைக்க விடாமல் காத்ததே இதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கோவிந்தம்மாவையும் அவர் ஆட்களையும் வரச்சொல்லியிருந்தேன். நல்ல புடவை கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். மற்ற பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். கோவிந்தம்மா மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றார். நாற்காலி போடச் சொன்னேன், வேண்டாம் என்றார். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கண் ஆடுகிற பிள்ளைகளை விட்டு நகரவில்லை. ஒரு பெண் தடுக்கி நீளமாக விழுந்தாள். கோவிந்தம்மா அவரே விழுந்தது மாதிரி ஒரு அடி முன்னால் வைத்தார். அந்தப் பிள்ளை ஒன்றும் ஆகாமல் எழுந்து, முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு ஓடியது. அவர் முகம் அப்போது எப்படி மாறியது என்று எழுதத் தெரிந்தால் நான் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பேன்.

ஆட்டம் பாதியில் நின்று பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் என் பக்கம் திரும்பினார். இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான். "சின்ன வயசிலேர்ந்து யார் யார் கழனியிலயோ நாத்து நட்டுக்கினு வந்தேம்மா. அந்தச் சோத்த யாரு துன்னாங்கன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. இத பாத்துட்டேன்."

அன்று சாயந்திரத்துக்குள் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் புல் பெயர்ந்து வட்டமாக ஒரு சொட்டை விழுந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு மைதானம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் யாரும் கொடுப்பதில்லை.